முப்பத்து மூன்றில் ஓடிய பாட்டு

"அதை அவர்கிட்ட குடுக்காதம்மா!"

ஜனீன் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று கத்தினாள். ஒரு ஷூ காலில் இருந்தது, இன்னொன்று கையில். ஆனால் அவள் அம்மா மேவிஸ் எதையும் ஆறப்போடுகிற ஆள் இல்லை. மகளின் கத்தல் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கொடுத்து முடித்துவிட்டாள். இறுதி ஊர்வலத்தை நடத்த வந்திருந்த அம்ப்ளர், உயரமான கறுப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த இசைத்தட்டை இரண்டு கைகளாலும் பதவிசாக வாங்கினார்.

"கவலைப்படாதீங்க மிஸ். ஒரு கீறல் விழாது," என்றார்.

கீறல் என்ன, இரண்டாக உடைந்தாலும் பரவாயில்லை என்று ஜனீனுக்கு இருந்தது. அவர் அதைச் சவ ஊர்தியின் முன் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினார். பின்னால் கண்ணாடிக்குள், பெட்டியில், அப்பா இருந்தார். வெள்ளைப் பூக்களால் 'ரே' என்று எழுத்துக் கோத்து வைத்திருந்தார்கள். வட இங்கிலாந்து ஊரான ஹாலிஃபாக்ஸின் மார்ச் மாத மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"என்னடி கத்தல்? தெருவே பாக்குது," என்றாள் மேவிஸ்.

"எந்தப் பாட்டைப் போடச் சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? உங்கப்பாவே எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு."

கைப்பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். அப்பாவின் கையெழுத்தேதான். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் எண்களை நோட்டில் ஏற்றியவர். எழுத்துகூட எண் மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். 'பெட்டியைத் திரை மூடும்போது: நம்ம ஜனீனோட ரெக்கார்டு. இரண்டாம் பக்கம், முதல் பாட்டு.'

தட்டில் இருந்தது மொத்தம் நான்கே பாட்டு. ஒன்று மழையைப் பற்றி, ஒன்று வேலையில்லாதவர்களுக்கான அலுவலக வரிசையைப் பற்றி, ஒன்று அவள் குழுவில் டிரம் வாசிக்கும் டன்கனின் நாயைப் பற்றி. இந்த மூன்றில் எதையாவது கேட்டிருக்கக் கூடாதா இந்த மனிதர்? நான்காவதுதான் வேண்டுமாம். அது அவரைப் பற்றிய பாட்டு.

சவ ஊர்திக்குப் பின்னால் போன காரில் அம்மாவும் அவளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மேவிஸ் கையுறையை விரல் விரலாகச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, அசதி இருந்தது. அதைத் தப்பு சொல்ல முடியாது. கடந்த ஆறு மாதமாக அந்த வீட்டில் அப்பா ரேமண்ட் மூச்சு விடுவதே முழுநாள் வேலையாக இருந்தது, அவருக்கும் அவளுக்கும். செவ்வாய்க்கிழமை காலை தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே அடங்கிவிட்டார். "அப்பாடா, முடிஞ்சுது அவரு கஷ்டம்," என்று மேவிஸ் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அதற்காக மன்னிப்பும் கேட்டாள். ஜனீனும் அதையேதான் நினைத்திருந்தாள். பாட்டு ஒன்றுதான் குறுக்கே நின்றது.

ஜனீனின் இசைக்குழுவுக்கு 'கேஸ் மீட்டர்ஸ்' என்று பெயர். அவள் அப்பாவைக் கிண்டல் செய்து டன்கன் வைத்த பெயர், நிலைத்துவிட்டது. அந்தப் பாட்டை அவள் எழுதியது இரண்டு வருஷத்துக்கு முன்னால். இருபத்து நாலு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை தலையை வழவழவென்று மொட்டை அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா கத்துவார், ஒரு சண்டையாவது வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் வெள்ளி இரவு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், சனிக்கிழமையும் சாப்பிட்டார். ஞாயிறு மதியம் உருளைக்கிழங்கை வெட்டியபடி சுற்றும் முற்றும் பார்த்து, "ஏன் மேவிஸ், ரூம்ல எதையாவது மாத்தினியா?" என்று கேட்டார். அன்று மாலையே ஜனீன் பாட்டை எழுதி முடித்தாள்.

நாளுக்கு நூறு கதவைத் தட்டுவார்,
நூறு வீட்டு இருட்டிலும் விளக்கடிப்பார்,
எங்கள் மேசையில் இரண்டே முகம்,
ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மீட்டர்காரர்கள் 'வந்தோம், நீங்கள் இல்லை' என்று ஒரு அட்டையைக் கதவு இடுக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆள் இருக்கும்போதே அட்டை போட்டுவிட்டுப் போன மனிதர் என் அப்பா என்று பாட்டு முடியும். எழுதும்போது கோபம் நியாயமாக இருந்தது. இரண்டு மாதம் முன்பு ஐந்நூறு பிரதி தட்டு அச்சாகி வந்தபோது அவருக்கு மூக்கில் குழாய் ஏறியிருந்தது.

அதிலும் பாருங்கள், தட்டுகள் வந்து இறங்கியதே அவர் வீட்டில்தான். குழுவில் நாலு பேரும் மூன்று மாதத்துக்கு ஒரு அறை மாறுகிறவர்கள். அதனால் உறையின் பின்னால் அச்சிட்ட முகவரி ஜனீனின் பெற்றோர் வீடு. இந்த மாதிரிக் குழுக்கள் எல்லாமே அப்படித்தான், அம்மா வீட்டு முகவரியில்தான் புரட்சி செய்யும். பெட்டிகளை எடுக்க வந்தவளிடம் நாற்காலியில் இருந்தபடி அப்பா கேட்டார்: "எங்களுக்கு ஒண்ணு கிடையாதா?"

"உனக்குப் பிடிக்காதுப்பா. ஒரே சத்தம்," என்று சொல்லிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனதாக நினைத்திருந்தாள்.

"அம்மா, அப்பா இதைக் கேட்டாரா?" என்று இப்போது காரில் கேட்டாள்.

"கேக்காமயா எழுதி வெப்பாரு? வியாழக்கிழமை அவரு கூட வேலை பாத்த எரிக் வருவான்ல, ரெண்டு பேரும் உக்காந்து கேப்பாங்க. அந்த ரெண்டு மணி நேரம்தான் எனக்கு விடுதலை, கடைக்குப் போயிடுவேன். ஒருநாள் பஸ் சீக்கிரம் கிடைச்சு வந்துட்டேன், அப்ப வாசல்ல நின்னு கொஞ்சம் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ ஆம்பளை இழுத்து இழுத்துப் பாடிட்டிருந்தான். அது உங்க டன்கனா?"

ஜனீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆம்பளையா?"

"பெரிய ஆளா இருப்பான்போல. அடிவயித்துலேர்ந்து வந்துச்சு."

தட்டில் ஆண் குரலே கிடையாது. பாடியது முழுக்க ஜனீன்தான். அவளுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது, ஏனென்றால் இதே தப்பை லண்டனில் ஒரு பெரிய மனிதரும் செய்திருந்தார்.

அந்தத் தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டியது. நடு வட்டத்தில் அதை அச்சடிக்க வேண்டும். அச்சுக்கு அனுப்பியவன் டன்கன். நாயின் படத்தை எங்கே வைப்பது என்று மூன்று நாள் யோசித்ததில் வேகத்தைப் போட மறந்துவிட்டான். லண்டனில் வாராவாரம் வரும் இசைப் பத்திரிகை ஒன்றின் விமர்சகர், தட்டு பெரிதாக இருக்கிறதே என்று முப்பத்து மூன்றில் ஓட்டிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கால் பக்கம் எழுதித் தள்ளினார். 'யார்க்ஷயரின் நிலத்தடியிலிருந்து ஒரு குரல். இந்த ஆண்டில் இதைவிடக் கனமான, நிதானமான இசை வராது. இந்த ஆண்மகனின் துக்கம் மலையை நகர்த்தும்.'

ஆண்மகன் அந்தப் பத்திரிகையைக் கழிவறையில் உட்கார்ந்து படித்துவிட்டு அங்கேயே கத்தினாள். அடுத்த வாரம் ஒரு வானொலிக்காரர் சரியான வேகத்தில் போட்டு, 'இதுவும் இன்னொரு கிடார் கும்பல், அந்தப் பெண்ணை நாய் துரத்துகிறதா என்ன?' என்றார். ஆக, தப்பாகக் கேட்டவர் தலையில் வைத்துக் கூத்தாடினார், சரியாகக் கேட்டவர் தூக்கிப் போட்டார். லீட்ஸில் நடந்த கச்சேரியில் ஒருவர் மேடைக்கு அருகில் வந்து, "அந்தப் பெரிய பாடகர் எப்ப வருவாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். டன்கனுக்கு மானம் போய்விட்டது. குழுவில் யாராவது அந்தத் தட்டை மெதுவாக ஓட்டிக் கேட்டால் தான் விலகிவிடுவதாகச் சத்தியம் செய்தான். அதனால் ஊரே முப்பத்து மூன்றில் கேட்டாலும் அவர்கள் நாலு பேர் மட்டும் கேட்டதில்லை.

அப்பாவின் பழைய ரேடியோகிராமில் வேக விசை எப்போதும் முப்பத்து மூன்றில்தான் இருக்கும். ஊதுகுழல் இசைத் தட்டுகளைத் தவிர வேறு எதுவும் அதில் ஓடியதில்லை. அப்படியானால் அவரும் அந்தப் பாதாளக் குரலைத்தான் கேட்டிருக்கிறார். குழைந்துபோன சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபட்டிருக்காது. ஊதுகுழல் மாதிரி இருந்ததால் பிடித்திருக்கும், பாவம். ஜனீனுக்கு மூச்சு வந்தது. ஆனால் கார் மேடேறுவதற்குள் அது மறுபடி அடைத்துக்கொண்டது. தகன மண்டபத்தில் இருக்கிறவன் தட்டை ஒழுங்கான வேகத்தில் போட்டுத் தொலைத்தால்? அறுபது பேருக்கு நடுவில், அப்பாவின் பெட்டிக்கு முன்னால், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் அப்பனைத் திட்டுவதை எல்லோரும் வார்த்தை வார்த்தையாகக் கேட்பார்கள்.

கார் நின்றதும் இறங்கி ஓடினாள். இரவல் கோட்டில் தோள்கள் தொங்க வாசலில் நின்ற டன்கன், "ஏய், எங்க ஓடறே?" என்று கூடவே வந்தான்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. முடியைப் பின்னால் கட்டிய ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒலிநாடாக்கள் அடுக்கியிருந்தன.

"இதை முப்பத்து மூணுல போடுங்க," என்றாள் ஜனீன்.

அவர் திரும்பினார். "இது நாப்பத்தஞ்சும்மா. எனக்குத் தெரியும், என்கிட்டயே ஒண்ணு இருக்கு. அந்த விமர்சகர் பண்ணின கூத்து தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நான்தான் அந்த ஆண்மகன்."

அவர் ஒரு கணம் விழித்து, பிறகு அவள் யார் என்று புரிந்து, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். "ஐயோ, மன்னிச்சுக்கங்க. அப்படின்னா உங்களுக்கே தெரியுமே, இதைத் தப்பா ஓட்டக் கூடாதுன்னு."

"தப்பா ஓட்டுங்கன்னுதான் கேக்கறேன்."

"மாட்டார். ஓட்டக் கூடாது," என்றான் டன்கன். "மெதுவா ஓட்டினா என் டிரம் என்ன ஆகும்? ஒருத்தன் மாடிப்படியில அலமாரியோட உருள்ற சத்தம்தான் கேக்கும். ஜனீன், உங்கப்பா சாவுக்கு ஊரே வந்திருக்கு, எங்கம்மா வந்திருக்கா."

"எங்கப்பா அப்படித்தான் கேட்டாரு. அவருக்கு அப்படித்தான் தெரியும். அவரு கேட்ட மாதிரியே போடணும்."

இது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. டன்கனுக்குப் பாட்டின் வார்த்தைகள் தெரியும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சரி, போட்டுத் தொலைங்க," என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். அவர் பெருமூச்சு விட்டு விசையைத் தள்ளினார். "நேரம் கூடும். அடுத்த ஊர்வலம் பன்னெண்டரைக்கு வருது, பாத்துக்கறேன்," என்றார்.

பாதிரியாருக்கு அப்பாவைத் தெரியாது. 'எண்களை நேசித்த மனிதர்' என்று என்னவோ சொன்னார். மூன்றாவது வரிசையில் அப்பா வேலை பார்த்த கேஸ் போர்டின் டை கட்டிய ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மீட்டர் பார்த்தவர்கள். ஓரத்தில் இருந்தவர் எரிக். டொரீன் அத்தை, அப்பாவின் அக்கா, கைக்குட்டையைத் தயாராக மடித்து வைத்திருந்தாள். ஜனீன் முன் வரிசையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

பாதிரியார் தலையசைத்தார். ஒலிபெருக்கியில் ஊசி இறங்கும் சத்தம் வந்தது.

கிடார் வந்தது. அவள் வாசித்ததுதான், ஆனால் யாரோ தண்ணீருக்குள் நடப்பது மாதிரி வந்தது. டிரம் அப்படி ஒன்றும் மோசமில்லை. ஊர்வலத்தில் நடக்கிற காலடி மாதிரி தம், தம் என்று விழுந்தது. ஜனீன் தோளைத் தளர்த்தினாள். பிறகு அந்தக் குரல் தொடங்கியது.

ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

நாற்பத்தைந்தில் மூச்சிரைக்கக் கத்திக் கொட்டிய வரிகள். அந்த வேகத்தில் சொந்த அத்தைக்கே புரிந்திருக்காது. இப்போதோ ஒன்றொன்றாக இறங்கின, பாதிரியாரைவிடத் தெளிவாக. நாளுக்கு, நூறு, கதவைத், தட்டுவார். ஜனீனுக்கு உடம்பெல்லாம் சுட்டது. மறைக்கப் போனவள் தானே வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டாள். எழுந்து ஓடிப்போய் ஊசியைத் தூக்கலாமா என்று பார்த்தாள். அம்மாவின் முழங்கால் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் மேசையில் இரண்டே முகம். மேவிஸ் அசையவில்லை. பார்வை பெட்டியின் மேலேயே இருந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ செருமினார்கள். திரை மெல்ல நகர்ந்து பெட்டியை மறைத்து முடித்துவிட்டது, ஆனால் பாட்டுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. அறுபது பேரும் மூடிய நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு அந்த ஆணின் துக்கத்தை முழுக்கக் கேட்டார்கள். ஆள் இருக்கும்போதே அட்டை போட்டுவிட்டுப் போன மனிதர், என்று குரல் ஆழத்துக்கு இறங்கியபோது அவளுக்குப் பின்னால் யாரோ விக்கும் சத்தம் வந்தது. அழுகையா என்று திரும்பிப் பார்த்தாள். எரிக் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீரும் இருந்தது.

வெளியே மலர் வளையங்களைக் கீழே வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் குனிந்து அட்டைகளைப் படித்துக்கொண்டு நகர்ந்தார்கள். மழை ஒருவழியாக முடிவெடுத்துத் தூற ஆரம்பித்தது. ஜனீன் எரிக்கைக் கைப்பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"எரிக் மாமா, எதுக்குச் சிரிச்சீங்க?"

"நூறு வீடுன்னு வந்துச்சுல்ல கண்ணு, அப்பலேர்ந்தே அடக்கிட்டிருந்தேன். அந்த வரி வர்றப்பல்லாம் உங்கப்பா நாற்காலியில கையைத் தட்டுவாரு. 'நூறு இல்ல, நூத்து நாப்பது. சோம்பேறிப் பயலுங்கதான் நூறு பார்ப்பானுங்க'ம்பாரு. இன்னைக்கும் எங்கயோ தட்டறாருன்னு தோணுச்சு."

"அவருக்கு வார்த்தை புரிஞ்சுதா?"

"புரியாமயா? முதல் ரெண்டு வாரம் யாரோ தடியன் பாடறான்னுதான் நினைச்சோம். மூணாவது வாரம் திடீர்னு, 'நிறுத்து'ன்னாரு. 'வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுக்கறான் கேளு. அது தடியன் இல்ல, எங்க ஜனீன். சின்ன வயசுல பொய் சொல்றதுக்கு முன்னாடி அப்படித்தான் எடுப்பா, முழுசா, மூக்கால. அதை வெச்சே நான் கண்டுபிடிச்சிடுவேன், சொல்லமாட்டேன்'ன்னாரு."

ஜனீன் மூக்கால் மூச்சை இழுத்து, பாதியில் நிறுத்தினாள்.

"அப்புறம்தான் விசையைப் பாத்தோம். நாப்பத்தஞ்சுல வெச்சுக் கேட்டா, அடேயப்பா! பந்தய நாய் பக்கத்துல போன மாதிரி போச்சு. ஒண்ணும் பிடிபடல. 'திருப்பி மெதுவாவே போடு, அவ என்ன சொல்றான்னு நிதானமா கேக்கணும்'ன்னாரு. வரி வரியா கேட்டோம்."

"கேட்டுட்டு?"

எரிக் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "பொய் சொல்லமாட்டேன் கண்ணு. அன்னைக்கு அவருக்கு வலிச்சுது. நான் கிளம்பற வரைக்கும் பேசவே இல்ல. நான்கூட, இனிமே அதைத் தொடமாட்டாருன்னு நினைச்சேன். அடுத்த வியாழன் போறேன், தட்டைத் தானே வெச்சிட்டு எனக்காகக் காத்திட்டிருக்காரு. 'எரிக், எண்ணிக்கை தப்பு, மத்தபடி கணக்கு சரி'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், டாக்டர்கிட்டகூட, 'எம்பொண்ணு எனக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கா'ன்னு சொன்னாரு."

"என்கிட்ட சொல்லலயே. நான் ஞாயித்துக்கிழமைதோறும் வந்து உக்காந்திருந்தேனே, மாமா. பேச்சு வாக்குலகூட..."

"நானும் கேட்டேன். 'எனக்கு இருக்கற மூச்சுக்கு அவ்வளவு பெரிய பேச்சு பேச முடியாதுடா. அவ பாட்டா சொன்னா, நானும் பாட்டாவே சொல்லிக்கறேன். திரை மூடறப்ப போடுன்னு எழுதி வெச்சிட்டேன், அன்னைக்கு அவளுக்குப் புரியும். அவளாலயும் ஓட முடியாது, என்னாலயும் ஓட முடியாது'ன்னாரு."

இரண்டு மாதமாக அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. அழ வேண்டும் என்று நினைத்தாள், சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் சேர்ந்துகொண்டது. எரிக் தன் ஈரத் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு, மற்ற நாலு மீட்டர்காரர்களிடம் போனார்.

தேநீர் விருந்து கேஸ் போர்டு மனமகிழ் மன்றத்தில். நீள மேசையில் முட்டை சாண்ட்விச், பன்றித் தொடை சாண்ட்விச், பீட்ரூட் ஊறுகாய், பழக் கேக். டன்கனைச் சுற்றி நாலைந்து கிழவிகள் நின்றார்கள். அவன்தான் பாடினான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். "நெஞ்சை உருக்கிட்டேப்பா," என்று ஒருத்தி அவன் கன்னத்தைத் தட்டினாள். அவன் மறுத்து மறுத்து, கடைசியில் அலுத்துப்போய் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

டொரீன் அத்தை சாண்ட்விச் தட்டுடன் வந்து ஜனீனின் எதிரே உட்கார்ந்தாள். "அந்தப் பாட்டு வேணும் எனக்கு. எங்க கிடைக்கும்? ரேயை அப்படியே புட்டுப் புட்டு வெச்சிருக்கான். எங்கப்பாவும் இப்படித்தான் இருந்தாரு, தெரியுமா? யாரு எழுதினது?"

"நான்தான் அத்தை. பாடினதும் நான்தான்."

"சும்மா இருடி, இன்னைக்குப் போயி விளையாடிட்டு." அத்தை கேக்கைத் தேடி எழுந்து போனாள்.

மேவிஸ் ஷூவைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்கிறாள். கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ரெண்டு முகத்துல ஒண்ணு நான்தானே?"

"ஆமாம்மா."

"சும்மா கேட்டேன்."

ஒரு வாய் குடித்தாள். "இப்பத்தான் விளங்குது எனக்கு. கடைசி ஒரு மாசம் உங்கப்பா என்னை உத்து உத்துப் பாத்துட்டே இருந்தாரு. சமையல்கட்டுல நின்னா அங்க, துணி மடிச்சா இங்க. என்ன ரே, என் மூஞ்சில மாவு ஒட்டியிருக்கான்னு கேட்டேன். இல்ல, சும்மா பாக்கறேன்னாரு. இதை விட்டா வேற வேலை இல்லையா, அந்தப் பக்கம் திரும்பு, எனக்குக் கூச்சமா இருக்குன்னு திட்டினேன். திரும்பவே மாட்டேன்னுட்டாரு மனுஷன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கன்னம் சிவந்திருந்தது. ஜனீன் கை நீட்டி ஒரு முட்டை சாண்ட்விச்சை எடுத்தாள், இரண்டே கடியில் முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதை எடுக்கும்போது மேவிஸ் மேசையின் மறுபக்கத்திலிருந்து பீட்ரூட் கிண்ணத்தை அவள் பக்கமாகத் தள்ளினாள்.